தியேட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர்

கார் ஓட்டத் தெரியும் என்று நான் வீட்டில் சொன்னது முழுப் பொய் இல்லை. முக்கால்வாசி உண்மை. முன்னால் போகத் தெரியும். இடது பக்கம், வலது பக்கம் திரும்பத் தெரியும். பிரேக் போடத் தெரியும். ஹாரன் அடிப்பதில் என்னை மிஞ்ச இந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. பின்னால் போகத்தான் தெரியாது.

அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் முதல் நாளே, "மேடம், ரிவர்ஸ் எல்லாம் ஒரு மேட்டரே இல்ல. கடைசி மூணு நாள்ல சொல்லிக் குடுத்துடறேன், இப்பவே பயப்படாதீங்க" என்றார். நானும் பயப்படாமல் இருந்தேன். கடைசி மூன்று நாள் வந்தபோது அவருக்கு அம்மை போட்டிருந்தது. லைசென்ஸ் டெஸ்டில் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தை வேண்டிக்கொண்டதில் வண்டி எப்படியோ கோட்டுக்குள் போய் நின்றுவிட்டது. (கண்ணை மூடியது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. கூலிங் கிளாஸ் போட்டிருந்தேன்.) அதற்குப் பிறகு குலதெய்வத்தை அடிக்கடி தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

வண்டி என் மாமனாருடையது. அந்தக் காலத்துச் சின்ன வெள்ளைக் கார். அவர் காலமாகி இரண்டு வருஷமாக அது ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மெக்கானிக் மாதம் ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி. என் கணவர் சேகர் பைக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். கார் என்றால் அவருக்கு வாந்தி வரும், ஓட்டினாலும் வரும், உட்கார்ந்தாலும் வரும். நானோ தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவள். அந்தக் கார் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சும்மா இல்லை, ராத்திரி கனவில் கியர் போடும் அளவுக்கு ஆசைப்பட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விடிகாலையில் எழுந்து போய் ஒரு மாதம் டிரைவிங் கற்றுக்கொண்டது அதற்காகத்தான். வாக்கிங் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ("ஒரு மாசமா நடக்கற, ஒரு கிலோ கூட கொறையலயே" என்று சேகர் கேட்டதை இன்னும் மறக்கவில்லை.)

அந்த ஆவணி மாதம் என் நாத்தனார் வசந்தா அண்ணி சென்னையிலிருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஓட்ட ஆளில்லாத வண்டிய எதுக்கும்மா சும்மா போட்டு வெக்கணும்? எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ் போக வர ஆகும். நாளான்னிக்கி நான் கெளம்பறப்ப ஒரு டிரைவர வெச்சி எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஓட்ட ஆள் இருக்கு அண்ணி" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் என் குரல்தான்.

லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டினேன். அண்ணி அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சேகர் முகத்தில், வாக்கிங்கின் மர்மம் விலகிய தெளிவு தெரிந்தது. அத்தை, அதாவது என் மாமியார், காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். மாமா போனதிலிருந்து அத்தை பேசுவதே கம்மி. வாசலைத் தாண்டி வெளியே போவது அதைவிடக் கம்மி. மறுநாள் மேட்னி ஷோவுக்கு நாலு டிக்கெட்டை அண்ணி போனில் போட்டு வைத்திருந்ததே, அம்மாவை எப்படியாவது வெளியே கிளப்பவேண்டும் என்பதற்காகத்தான்.

அத்தை நிதானமாக டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கு வாய்ப்பேச்சு? நாளைக்கு எங்க மூணு பேரையும் ஒக்கார வெச்சி நீயே சினிமாவுக்குக் கூட்டினு போ. பத்திரமா கூட்டினு வா. வண்டில ஒரு கீறல் இருக்கக் கூடாது. இருந்தா வசந்தா எடுத்துனு போவா. இல்லனா வண்டி உன்து."

பள்ளியில் நான் வைக்கும் பரீட்சையில்கூட இவ்வளவு தெளிவான கேள்வித்தாள் இருந்ததில்லை.

ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்தத் தியேட்டரின் பார்க்கிங் எனக்குத் தெரியும். உடனே சேகரைப் பைக்கில் உட்காரவைத்து, காய் வாங்குகிற சாக்கில், நேரில் போய் இன்னொரு தரம் பார்த்தேன். நான் பயந்தது பாதிதான், மீதி பாதி அங்கே காத்திருந்தது. தியேட்டர் சுவருக்கும் பைக் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதில் நுழைந்து, கடைசியில் திரும்பி, இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாகப் போய் நிற்கவேண்டும். விசிலும் கையுமாக ஒருவர், "ரிவர்ஸ்ல விடு, ரிவர்ஸ்ல விடு, ஒடி, ஒடி, அய்யோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த 'அய்யோ' எனக்காகவே சொன்னது போல இருந்தது. இதற்குக் கட்டணம் வேறு. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து மூன்று மணி நேரம் படம் பார்க்கும் காசில் பாதியை, வெளியே சும்மா நிற்கும் காருக்கு வாங்குகிறார்கள். வாங்கிவிட்டுத் தலைக்கு மேலே ஒரு போர்டு: வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

அந்தப் போர்டைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

தியேட்டரிலிருந்து செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கமாகக் கொஞ்சம் போனால் ஒரு சந்து உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் இரண்டு மூன்று வீடுகள், ஒரு காலி மனை, அவ்வளவுதான். சந்துக்கு இரண்டு பக்கமும் வாய். பின்பக்கத் தெரு வழியாக நுழைந்து, காலி மனை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பும்போது நேராக முன்பக்கம் செங்கம் ரோட்டில் இறங்கிவிடலாம். ரிவர்ஸே தேவையில்லை, காசும் தேவையில்லை. சந்து வாயிலிருந்து தியேட்டர் வாசல் வரை நடந்து எண்ணினேன். முந்நூறு அடி.

வீட்டுக்கு வந்து, "தியேட்டர்ல பார்க்கிங் அநியாயக் காசு, அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ப்ரீயா ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன்" என்று அறிவித்தேன். சிக்கனம் என்ற போர்வையில் எத்தனை பெரிய முட்டாள்தனத்தையும் மூடிவிடலாம் என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். அத்தை தலையாட்டினார்.

"பௌர்ணமி என்னைக்குப் பாத்தியா? அன்னிக்கிப் போயி மாட்டிக்கப் போறோம்" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ, வண்டி எடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். பௌர்ணமியன்று மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும். ரோட்டை அடைத்துவிடுவார்கள்.

தினசரி காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் பெரிய எழுத்தில் 'பௌர்ணமி' என்று இருந்தது.

"ஞாயித்துக்கெழமதான் அத்தை. நாம போறது சனிக்கெழம."

சனிக்கிழமைத் தாளின் அடியில், எறும்பு சைசில், 'சதுர்த்தசி மதியம் 1.20 வரை, பின்பு பௌர்ணமி' என்று இருந்ததை நான் படிக்கவில்லை. கேள்வியை முழுசாகப் படி, முழுசாகப் படி என்று வருஷம் பூராவும் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான்.

சனிக்கிழமை மதியம் வண்டியை எடுத்தேன். அத்தை முன்சீட்டில், மடியில் பையோடு. பையில் முறுக்கு, தண்ணீர் பாட்டில். (தியேட்டரில் விற்கும் தீனிக்கும் நாங்கள் காசு தருவதாக இல்லை.) பின்சீட்டில் அண்ணி, பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு சேகர். எங்கள் வீடு பைபாஸ் பக்கம். பைபாஸில் வழக்கத்துக்கு மாறாகப் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கே மஞ்சு" என்றார் சேகர்.

"முகூர்த்த நாளுங்க."

ஓரிடத்தில் போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்புகளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரோ மந்திரி வர்றாங்க போல" என்றேன். தெரியாததற்கெல்லாம் பதில் சொல்வது டீச்சர் வேலையில் வரும் வியாதி.

ஒரு கீறல் இல்லாமல் சந்துக்குள் நுழைந்து, காலி மனை ஓரம் வண்டியை நிறுத்தினேன். மூக்கு செங்கம் ரோட்டைப் பார்த்தபடி, அழகாக. மணி இரண்டு. ஷோ இரண்டரைக்கு. அண்ணியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதில் கார் கையைவிட்டுப் போகிற வருத்தம் லேசாகத் தெரிந்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை.

சந்து வாயில் வந்து நின்றதும் பட்டது.

செங்கம் ரோடு முழுக்கத் தலைகள். ஊர்ப் பக்கமிருந்து ஆசிரமத்துப் பக்கமாக, ரோட்டை அடைத்துக்கொண்டு ஜனம் நடந்து வந்துகொண்டிருந்தது. வெறுங்கால், விபூதி, கையில் துணிப்பை. சேகர் பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு இருவதுக்கே பௌர்ணமி ஆரம்பிச்சிடுச்சாம்."

நான் வானத்தைப் பார்த்தேன். நல்லவேளை, மேகமூட்டமாக இருந்தது, வெயிலாவது இல்லை.

"பரவால்ல, முந்நூறு அடிதானே. ஓரமா போயிடலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெரிய கும்பல் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று வந்தது. அதிலிருந்த ஓர் அம்மாள் யாரென்று பார்க்காமல் எல்லார் நெற்றியிலும் விபூதி பூசிக்கொண்டே வந்தவர், அத்தைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அத்தையின் கை தானாகக் குவிந்தது. வாய் "அரோகரா" என்றது. கூட்டத்தோடு கூட்டமாகப் பத்தடி நடந்தும்விட்டார்.

"அம்மா! தியேட்டர் அந்தப் பக்கம்மா!" என்று கத்தினார் அண்ணி.

அத்தை நின்றார். தியேட்டர் இருந்த திசையைப் பார்த்தார். வலது பக்கம் நிமிர்ந்து மலையைப் பார்த்தார்.

"தெரியுது. ஆனா கால் இந்தப் பக்கம் வெச்சிட்டேனே."

"அதனால இன்னா? திரும்பி வா."

"திரும்பினா மல எந்தக் கைப் பக்கம் வரும்?"

 எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குப் பதில் தெரியும். மலையை வலது கைப்பக்கம் வைத்துத்தான் நடக்கவேண்டும். திரும்பினால் மலை இடது கைக்கு வந்துவிடும்.

"பௌர்ணமியன்னிக்கி, விபூதி பூசி, அரோகரா சொல்லி, பத்தடி வெச்சிட்டு, சினிமா பாக்கறதுக்காக மலைய எடதுல வெச்சி நடக்கச் சொல்றியா? என்னால ஆவாது. தியேட்டருக்கு வரமாட்டேன்னு சொல்லல. சுத்தினு வரேன்."

நான் கணக்கு டீச்சர். எனக்கு உடனே புரிந்தது. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர். தியேட்டர் எங்களுக்கு முந்நூறு அடி பின்னால் இருந்தது. இப்படியே நேராகப் போனால், பதினாலு கிலோமீட்டரில் முந்நூறு அடியைக் கழித்தது போக, மீதித் தூரத்தில் தியேட்டர் வந்துவிடும்.

எத்தனையோ சொல்லிப் பார்த்தோம். முழங்கால் வலி என்றோம். டிக்கெட் வீணாகும் என்றோம். அத்தை செருப்பைக் கழற்றிச் சேகர் கையில் கொடுத்து, "வண்டில போட்டுட்டு ஓடியா" என்றார். அவ்வளவுதான், நாலு பேரும் கிளம்பிவிட்டோம். அத்தையைத் தனியாக விடவும் முடியாது, சினிமாவுக்குக் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்ட நான் வழியில் கழன்றுகொள்ளவும் முடியாது.

முதல் ஒரு மணி நேரம் அண்ணி என்னைத் தவிர யாரையும் திட்டவில்லை. புது ஹீல்ஸ் செருப்பை வண்டியில் விடமாட்டேன் என்று போட்டுக்கொண்டு வந்தவர், மூன்றாவது கிலோமீட்டரில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் உன் பார்க்கிங் காசால வந்தது. அந்தக் காச நான் குடுத்திருக்க மாட்டனா? இந்நேரம் ஏசில ஒக்காந்து இன்டர்வெல்ல காபி குடிச்சிட்டிருப்போம்."

"இங்கயும் சுக்கு காபி இருக்குக்கா" என்றார் சேகர். அவரை மனிதனாக யாரும் மதிக்கவில்லை.

ஆனால் வழியில் ஒன்று நடந்தது. நான் அதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. அத்தை பேச ஆரம்பித்தார். மாமா இருந்தவரை இரண்டு பேரும் பௌர்ணமி தவறாமல் சுற்றுவார்களாம். மாமா விறுவிறுவென்று முன்னால் போய்விடுவாராம். அத்தை பின்னால் மூச்சு வாங்கி வந்து சேர்ந்தால், ஒவ்வொரு லிங்கத்துக் கோயில் வாசலிலும் சுக்கு காபியோடு நின்றுகொண்டு, "இன்னா, நேத்தே கெளம்பிட்டியா?" என்பாராம். இதைச் சொல்லிவிட்டு அத்தை தானே சிரித்தார். இரண்டு வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு. அண்ணி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.  உடனே விட்டுவிட்டு, "ஆனாலும் உன்னாலதான்" என்றார்.

பாதி வழியில், அடி அண்ணாமலையில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தோம். தியேட்டர் இருட்டில் சத்தம் வராமல் கடிக்கவேண்டும் என்று கொண்டுவந்த முறுக்கு, அன்று ஊரே கேட்கும்படி நொறுங்கியது. அத்தை எழுந்து நாலு பேருக்கும் முன்னால் நடந்தார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. எங்களுக்கு வந்திருந்தது.

அங்கேதான் அண்ணி என்னை மடக்கினார்.

"மஞ்சு, நெஜத்த சொல்லு. காசுக்காகத்தான் அங்க நிறுத்தினியா?"

வெறுங்காலில் ஏழு எட்டு கிலோமீட்டர் நடந்த மனுஷிக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்காது. "ரிவர்ஸ் எடுக்க வராது அண்ணி" என்று உளறிவிட்டேன். அண்ணி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை.

ஏழு மணிக்கு ராஜகோபுரத்தைத் தாண்டி, நகர்ந்து நகர்ந்து, ஒருவழியாகத் தியேட்டர் வாசலுக்கு வந்தோம். எங்கள் படம் முடிந்து, அடுத்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் நிக்கலாம்மா" என்று அண்ணி கெஞ்சியும் அத்தை கேட்கவில்லை. ஆரம்பித்த இடத்தில்தான் முடிக்கவேண்டுமாம். இன்னும் முந்நூறு அடி.

ஆனால் நான் நின்றேன். தியேட்டர் பார்க்கிங்கில், சந்துக்குள் வரிசையாகக் கார்கள். மேட்னி பார்த்த கார்கள். வெளியே ரோடு அடைத்திருந்ததால் ஒன்றுகூட நகரமுடியவில்லை. விசில்காரரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், நான் இன்னா பண்றது? வெளிய எடுக்கவே முடியாது. நாளைக்குக் காலைல வாங்க."

"காச வாங்கினியே?"

"போர்ட பாருங்க சார், போர்ட."

ஐயா, அந்தக் காட்சியை எந்தத் தியேட்டரில் எத்தனை ரூபாய் கொடுத்தாலும் பார்க்க முடியாது. "பாத்தீங்களா அண்ணி? காசு குடுத்தவங்க வண்டி உள்ள. குடுக்காதவங்க வண்டி வெளிய. காலி மனைல ஒரு வட்டம் அடிச்சா பின்பக்கத் தெரு, அங்க போலீஸ் தடுப்பே கெடையாது" என்று சொல்லிக்கொண்டே, கொப்புளம் போட்ட காலோடு, ஏறக்குறைய ஓடினேன்.

சந்து வாயில் ஓர் அன்னதானப் பந்தல் நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் மலையைச் சுற்றிய நேரத்தில் யாரோ புண்ணியவான்கள் காலி மனையையும் வளைத்து மூங்கில் நட்டு, கீற்றுப் போட்டு, மேஜைகளைக் குறுக்கே அடுக்கி, நாலு அண்டா சாம்பார் சாதம் இறக்கியிருந்தார்கள். எங்கள் கார் பந்தலுக்குள்ளே நின்றது. அதன் பானட் மேல் தொன்னைகள் அடுக்கியிருந்தன.

"உங்க வண்டியாம்மா? ரொம்ப ஒபகாரமா இருந்தது" என்றார் கரண்டியோடு நின்ற பெரியவர். "பந்தல இப்ப பிரிக்க முடியாது. அப்படியே பின்னாலயே எடுத்துக்குங்க."

பின்னால்.

அண்ணியின் புன்னகை திரும்பி வந்தது. "அதுக்கென்ன, மஞ்சு எடுப்பா. லைசென்ஸ் இருக்கே" என்றார். பிறகு போனில் லைட்டைப் போட்டு, கீறலுக்காக வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு சாம்பார் மட்டும் இருந்தது. சாம்பார் கீறல் ஆகாது என்று அத்தை உடனே தீர்ப்பு சொன்னார்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். சந்து அகலம் ஏதோ போதும். ஆனால் நீளம்! ஒரு பக்கம் வரிசையாகப் பைக்குகள், இன்னொரு பக்கம் சாக்கடை. அந்த இடத்தில் நான் ரிவர்ஸ் எடுத்திருந்தால் கீறல் விழுந்திருக்காது. கீறல் விழ இடமில்லாமல் எல்லாமே நசுங்கியிருக்கும். கார் போய்விட்டது, இரண்டு பஸ் மாறுவதே என் தலையெழுத்து என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. குலதெய்வத்தைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் பந்தலில் தொன்னையும் கையுமாக நின்றவர்களைப் பார்த்தேன். ஆந்திராவிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் போல. ஒவ்வொருவரும் ஆளுயரக் கதவுபோல அகலம்.

கீழே இறங்கினேன். எட்டாம் வகுப்பு 'சி' பிரிவை அடக்கும் அந்தக் குரலை எடுத்தேன்.

"ஐயா! எல்லாரும் சாப்ட்டு முடிச்சிட்டீங்களா? முடிச்சவங்க இங்க வாங்க. இந்த வண்டிய அப்படியே தூக்கித் திருப்பி வெக்கணும்."

கரண்டிப் பெரியவர் அதைத் தெலுங்கில் சொன்னார். பன்னிரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மலையைச் சுற்றி வந்த களைப்பில் இருந்தவர்கள்தான், ஆனால் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நாலு பக்கமும் குனிந்து பிடித்தார்கள்.

"கோவிந்தா!" என்று ஒரே குரல். பழக்க தோஷம், பிறகு சுதாரித்துக்கொண்டு "அரோகரா!" என்றார்கள்.

"மொதல்ல சொன்னதுதான் சரி. வண்டி கோவிந்தாதான்" என்றார் அண்ணி.

வண்டி எழும்பியது. கால்வாசி திரும்பியது. அப்போது அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"நில்லு, நில்லு! எந்தப் பக்கம் திருப்பறீங்க? எடமா திருப்பறீங்களே! பௌர்ணமியன்னிக்கி! எறக்கு. வலமா திருப்பு."

சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் மொழிபெயர்த்தார். அந்தப் பன்னிரண்டு பேரும் சிரித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். செய்யவில்லை. 'அட, ஆமாம்' என்ற முகத்தோடு வண்டியைப் பழையபடி வைத்து, மறுபடி மூச்சுப் பிடித்துத் தூக்கி, வலது பக்கமாக, ஒரு மூங்கிலையும் இடிக்காமல், பூப்போலத் திருப்பி வைத்தார்கள். பந்தலே கைதட்டியது. நான் சாவியைப் போட்டேன். முன்னால் போவதில்தான் நான் கில்லாடி ஆயிற்றே. பின்பக்கத் தெரு, பைபாஸ், வீடு. ஹாரன் அடித்துக்கொண்டே போனேன், எதிரே யாருமே இல்லாதபோதும்.

ஷெட்டில் விளக்கைப் போட்டு மறுபடி சோதனை நடந்தது. கீறல் இல்லை.

"இது செல்லாதும்மா" என்றார் அண்ணி. "இவளுக்கு ரிவர்ஸே தெரியாது. இவ எங்க ஓட்டினா? பன்னெண்டு பேரு தூக்கினாங்க. சினிமாவுக்கும் கூட்டிப் போகல."

அத்தை ஷெட் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னா சொன்னேன்? பத்திரமா கூட்டினு போய் கூட்டினு வரணும், கீறல் இருக்கக் கூடாதுன்னேன். போனேன், வந்தேன், கீறல் இல்ல. தூக்கச் சொல்லி யாருக்குத் தோணுச்சு? உனக்குத் தோணுச்சா? உன் வீட்டுக்காரருக்குத் தோணுமா?" சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கினார். "உங்க மாமா போனப்புறம் நான் மலைய சுத்துவேன்னு நெனைக்கல. உன் பார்க்கிங் சுத்த வெச்சிது."

அண்ணி அதற்குமேல் வாதாடவில்லை. உள்ளே போய்க் கணவருக்குப் போன் செய்தார். "வண்டி வராதுங்க... இல்ல, நல்லாத்தான் இருக்கு... மஞ்சு ஓட்டறா... ஆங்? நல்லாத்தான் ஓட்டறா." 'நல்லா' என்பதற்கு முன் ஒரு தரம் இருமிக்கொண்டார். ஆனாலும் சொன்னார். அடுத்த மாதம் அண்ணியின் வீட்டுக்காரரே வந்து எனக்கு ரிவர்ஸும் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது நான் காரில்தான் பள்ளிக்குப் போகிறேன். அத்தை பௌர்ணமி தவறாமல் சுற்றுகிறார். அண்ணியும் சென்னையிலிருந்து வந்துவிடுகிறார், ஹீல்ஸ் இல்லாமல். முதல் நாளே போன் வரும்: "மஞ்சு, இந்த மாசம் படம் எத்தன மணிக்கு ஆரம்பிக்குது?" நானும் காலண்டரின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு ஷோ டைம் சொல்வேன்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சொல்லிச் சிரிப்பது, அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலையில் அத்தை சொன்னதைத்தான். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா, "நேத்து குடும்பத்தோட படத்துக்குப் போனீங்களே, எப்படி, படம் நல்லா ஓடிச்சா?" என்று கேட்டார்.

அத்தை விபூதி கலையாத நெற்றியோடு, வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டே சொன்னார்:

"படம் ஓடிச்சு. நாங்க நடந்தோம்."